நாத்தனாருக்குச் செய்த சைக்கிள்

கேரள எல்லைப் பக்கம் பனச்சமூட்டில் ஆனந்தலட்சுமியின் பட்டறைக்குச் சைக்கிள் செய்யச் சொல்லிப் போனவர்களில் பாதிப்பேர் வசை வாங்கிக்கொண்டுதான் திரும்பியிருக்கிறார்கள். "இதில ஏறி எங்க போகப்போறீரு? என்னத்தைச் சுமக்கப்போறீரு?" என்பது அவளுடைய முதல் கேள்வி. பதில் மழுப்பலாக இருந்தால் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெல்டிங் கேஸைப் பற்றவைத்துவிடுவாள். வந்தவர் அந்த வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் வெளியே போய் நிற்க வேண்டியதுதான்.

அவளுக்கு ஊர் திருப்புறம். பெண்கள் பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு, பஸ்ஸுக்குக் கூடு கட்டும் ஒரு கம்பெனியில் பதினோரு வருடம் வரைபடம் போட்டாள். அவள் போட்ட வரைபடம் ஒன்றை மானேஜர் தன் பெயரில் மேலே அனுப்பியது ஒரு மத்தியானம் தெரியவந்தது. சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அப்போதே இறங்கியவள் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. மீன்காரர்களின் சைக்கிள்களுக்கு ஒடிந்த சட்டம் ஒட்டிக்கொடுக்கப் பனச்சமூட்டில் ஒரு கடைமுறி எடுத்தாள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஒடிவதைப் பார்த்து, ஒட்டுவதை விட்டுவிட்டுப் புதிதாகவே சட்டம் செய்யத் தொடங்கினாள். பிறகு, மாதக்கணக்கில் மூட்டை முடிச்சோடு ஊர் ஊராக ஓட்டிப் போகிறவர்கள் தேடி வந்தார்கள். நாகர்கோவிலிலிருந்து ஒரு டாக்டரும் அவர் மனைவியும் அவள் செய்த இரண்டு சைக்கிள்களில் நேபாளம் வரை போய்விட்டு வந்தார்கள். அதன் பிறகு அவளுக்கு வேலை குறையவில்லை. வாயும் குறையவில்லை.

கணவர் தாணுமாலயன் பாறசாலையில் ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், எழுதுகிறவர். வீடும் பாறசாலைக்குப் பக்கத்தில்தான். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் எட்டு சென்டில் அவருடைய தங்கை ஸ்ரீகுமாரி இருந்தாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். அவள் கணவர் மஸ்கட்டில் இருந்தார். ஸ்ரீகுமாரி ரோட்டுக்கு வர வேண்டுமானால் அண்ணனின் வீட்டு மனையான புரையிடத்தின் ஓரமாகத்தான் வர வேண்டும். பாகப்பிரிவினை ஆதாரத்தைத் தாணுமாலயனே எழுதினார். அதில் வழியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மறந்துவிட்டதாக அவர் சொன்னார். தங்கை அதை நம்பவில்லை.

ஆறு வருடத்துக்கு முன் அந்த வழியின் வாயில் ஒரு இரும்புக் கேட் வந்தது. அதைச் செய்து மாட்டியது ஆனந்தலட்சுமிதான். மூன்றாம் நாள் காலையில் ஸ்ரீகுமாரி ஸ்கூட்டரோடு வந்து கேட்டைத் திறக்கச் சொன்னாள். பேச்சு முற்றியது. அவள் கேட்டுக்குள் இடது கையை நுழைத்துக் கொண்டியை எடுக்கப் போன நேரத்தில் ஆனந்தலட்சுமி உள்ளேயிருந்து ஓங்கித் தள்ளினாள். ஸ்கூட்டரும் ஆளும் விழுந்தார்கள். ஸ்ரீகுமாரியின் மணிக்கட்டு இரண்டு இடத்தில் ஒடிந்து, பிளேட் வைக்க வேண்டி வந்தது. நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் அவள் கேஸ் போட்டாள். வழி வேண்டும், கைக்கு நஷ்டஈடு வேண்டும் என்று. ஸ்கூட்டர் சறுக்கித் தானாக விழுந்தாள் என்று தாணுமாலயன் பதில் மனுக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஸ்ரீகுமாரி ஆனந்தலட்சுமியை மைனி என்று கூப்பிடவில்லை. எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டு வராந்தாவில் பத்தடி தள்ளி நின்று இருவரும் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அப்படிப்பட்ட ஸ்ரீகுமாரி ஒரு நவம்பர் மாதச் சனிக்கிழமை பட்டறைக்குள் ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"இது ஆடுகு," என்றாள், சைக்கிளைப் பார்த்தபடி. "லோடு வச்சு இறக்கம் இறங்குனா முன்சக்கரம் கிடந்து துடிக்கு. சரியாக்க முடியுமாண்ணு கேக்கணும்."

"யாருட்ட கேக்கணும்?"

"இங்க வேற ஆளு உண்டா?"

ஆனந்தலட்சுமி எழுந்து வந்து சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றினாள். ஐந்தேமுக்காலடி ஆணுக்குச் செய்த சட்டம். எட்டாத ஹேண்டில்பாரை எட்டுவதற்காக ஸ்ரீகுமாரி சீட்டை முன்னால் தள்ளியிருந்தாள். கேரியர் பின்சக்கர அச்சைத் தாண்டி வாலைப் போல நீண்டிருந்தது. பாரம் முழுக்க அங்கே தொங்கினால் முன்சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பு இருக்காது.

"இதை வித்துரு. ஒனக்க உடம்புக்கு ஆனதில்ல இது."

"அப்ப எனக்க உடம்புக்கு ஆனது ஒண்ணு செய்யணும்."

"எங்க போறதுக்காக்கும்?"

"ஸ்பிதிக்கு. இமயமலையில. இங்கேருந்தே ஓட்டிட்டு."

"கூட ஆரு?"

"ஆரும் இல்ல."

"லோடு?"

"டெண்டு, ஸ்டவ்வு, குளிருக்கு உள்ள துணி, ரெண்டு நாள் சாப்பாடு, தண்ணி. முப்பது கிலோ வரும். நானு அம்பத்தாறு."

மழுப்பல் எதுவும் இல்லை. விரட்டுவதற்கு ஒரு சாக்குக்கூடக் கிடைக்காமல் ஆனந்தலட்சுமி நின்றாள்.

"முடியாதுண்ணா சொல்லுங்க," என்றாள் ஸ்ரீகுமாரி. "பூனாவில ஒரு ஆளு செய்யுகாரு."

அவர் செய்யும் சட்டங்களை ஆனந்தலட்சுமி பார்த்திருக்கிறாள். மட்டமில்லை. அதுதான் அவளை உறுத்தியது. அந்த வேலையை ஏன் எடுத்தாய் என்று பிற்பாடு யாரோ கேட்டபோது, "மனசு இரங்கியெல்லாம் ஒண்ணும் எடுக்கல்ல," என்றாள். நாலாயிரம் கிலோமீட்டரும் தன் கைவேலையின் மேல்தான் அந்தப் பெண் உட்கார்ந்து போக வேண்டும். அதை அவளால் ஒரு நிமிடம்கூட மறக்க முடியாது. அந்த நினைப்பு அப்போது இனித்தது என்று மறைக்காமல் சொன்னாள்.

"அளவு எடுக்கணும். செருப்பைக் கழத்திட்டு சுவரோட சேந்து நில்லு."

ஒரு கனமான புத்தகத்தைக் கொடுத்துக் கால்களுக்கு இடையில் மேலே வரை இடுக்கிக்கொள்ளச் சொன்னாள். புத்தக விளிம்பிலிருந்து தரைவரை டேப்பைப் பிடித்தாள். பிறகு தோள் அகலம், உடம்பு நீளம், தோளிலிருந்து முஷ்டி வரை. ஆறு வருடமாக ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காதவர்கள். ஒருத்தியின் மூச்சு மற்றவளின் கழுத்தில் படும் தூரத்தில் நின்றார்கள். ஸ்ரீகுமாரி கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனந்தலட்சுமி டேப்பின் எண்களைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

கைக்கு வந்தபோது கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இடது கை எவ்வளவு மடங்கும்?"

ஸ்ரீகுமாரி மேஜையில் கையை ஊன்றி மணிக்கட்டைப் பின்னால் மடக்கினாள். கொஞ்சம் போய் நின்றுவிட்டது. சட்டைக் கைக்குக் கீழே தையல் தழும்பு வெளுத்துத் தெரிந்தது.

"இவ்வளவுதான். மிச்சம் ஒங்க கேட்டில கிடக்கு."

ஆனந்தலட்சுமி கோணமானியை எடுத்து மணிக்கட்டில் வைத்தாள். இருபது டிகிரி. வலது கை எழுபது. அடுத்து, பிரேக் பிடியைக் கிடுக்கியில் பொருத்தி, அதன் கம்பியின் மறுமுனையை மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசில் மாட்டி, பிடியை இழுக்கச் சொன்னாள். வலது கை இருபத்துநாலு கிலோ இழுத்தது. இடது கை பதினொன்று. மூன்று முறை இழுக்கவைத்தும் பதினொன்றைத் தாண்டவில்லை. மூன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு, "போயிட்டு வா," என்றாள்.

வீட்டில் தாணுமாலயனுக்கு அன்றே தெரிந்துவிட்டது.

"எனக்க பேரில கேஸு குடுத்தவளுக்கு நீ வண்டி செய்யுகியா?"

"ஆர்டர் ஆக்கும்."

"வக்கீலு கேட்டா நான் என்ன சொல்ல?"

"அவருக்கும் ஒண்ணு வேணும்னா வந்து அளவு குடுக்கச் சொல்லுங்க."

அவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டுக் கைகழுவ எழுந்தார். கோபித்துக்கொண்டார் என்றுதான் ஆனந்தலட்சுமி நினைத்தாள். அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

வரைபடத்துக்கு மூன்று வாரம் பிடித்தது. எஃகுக் குழாய்தான், ஏனென்றால் அது வழியில் ஒடிந்தால் எந்த ஊர் வெல்டரும் ஒட்டிவிடுவான். சக்கரம் இருபத்தாறு அங்குலம். அதைவிடப் பெரிதாக இருந்தால் இந்த உயரத்து ஆளுக்குத் திருப்பத்தில் கால்விரல் முன்சக்கரத்தில் இடிக்கும். இந்த அளவு டயர் சின்ன ஊர்களிலும் கிடைக்கும். பாரத்தில் கனமானது முன்சக்கரத்தின் இரண்டு பக்கமும் அச்சுக்குச் சரியாகத் தாழ்வாக. பின்பக்கப் பைகள் பின்னச்சுக்கு மேலே, ஒரு விரல்கூடப் பின்னால் போகக் கூடாது. மடங்காத மணிக்கட்டுக்காக ஹேண்டில்பாரின் முனைகளைப் பின்னோக்கி வளைத்தாள்; உள்ளங்கை ஊன்றாமல் கைகுலுக்குவது போலப் பிடிக்கலாம். முன் பிரேக்கை வலது கைக்குக் கொடுத்தாள். பாரத்தோடு இறங்கும்போது நிறுத்துவது முன் பிரேக்தான். கியர் மாற்றுவதும் வலது பக்கமே. இடது கைக்குப் பின் பிரேக்கும் மணியும் மட்டும்.

இருவரும் போனில் மெசேஜ் அனுப்பிக்கொண்டார்கள். "முன்னாடி பை வேண்டாம்" என்று ஸ்ரீகுமாரி எழுதினாள். "அப்ப பூனாவுக்குப் போ" என்று பதில் வந்தது. ஒருநாள் ஆனந்தலட்சுமி "ஷூ சைஸ் என்ன" என்று கேட்டாள். "ஆறு" என்று வந்தது. நேரில் கூப்பிட்டுக் காலை அளந்திருக்க வேண்டும். அவள் காலடியில் குனிய வேண்டுமே என்று கூப்பிடவில்லை.

பிப்ரவரியில், பெயின்ட் அடிப்பதற்கு முன்பு, நான்கு பைகளிலும் மணலை நிரப்பி முப்பது கிலோவாக்கி ஓட்டிப்பார்க்கக் கொடுத்தாள். ஸ்ரீகுமாரி வெள்ளறடை தாண்டி அம்பூரி வரை ஏறி இறங்கினாள். இரண்டு மணிநேரத்தில் திரும்பி வந்து இறங்கினாள். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வலது காலைத் தூக்கிக் குதிகாலைக் காட்டினாள். ஷூவின் பின்புறம் தேய்ந்து வெளுத்திருந்தது.

"ஒவ்வொரு மிதிக்கும் பையில தட்டுகு. முப்பத்தாறு கிலோமீட்டரும் தட்டிட்டுத்தான் வந்தேன். நல்ல அளவு."

கடைசி இரண்டு வார்த்தைகளை நிதானமாகச் சொன்னாள். ரொம்ப நாள் காத்திருந்து கிடைத்தது போல.

"ஏறி மிதி," என்றாள் ஆனந்தலட்சுமி.

ஸ்டாண்டில் நிறுத்தி மிதிக்கவைத்துப் பார்த்தாள். ஸ்ரீகுமாரி பாதத்தை ஊன்றி மிதிப்பவள் இல்லை. கால்விரல்களை மட்டும் பெடலில் அழுத்தி மிதித்தாள். குதிகால் மற்றவர்களைவிட இரண்டு விரற்கடை பின்னால் போனது. ஆறு என்கிற எண்ணில் இது எப்படித் தெரியும்? பெடலச்சிலிருந்து பின்னச்சுக்குப் போகும் குழாய்கள் இரண்டு சென்டிமீட்டராவது நீண்டிருக்க வேண்டும். நீட்ட வழியில்லை. பின்பாதி முழுவதையும் அறுத்தெடுத்துவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டும்.

ஆனந்தலட்சுமியின் முகம் சிவந்தது. பஸ் கம்பெனியில் பதினோரு வருடமும் பட்டறையில் ஒன்பது வருடமும் இப்படி ஒரு தப்பு அவள் கையிலிருந்து போனதில்லை. இவளைத் தொடப் பிடிக்காமல் போனது சட்டத்துக்குள் இறங்கிவிட்டது. அந்த அவமானத்தை அவளால் விழுங்க முடியவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

"காலைக் காட்டு," என்று தரையில் குத்தவைத்து உட்கார்ந்தாள். ஷூவோடு அளந்தாள், கழற்றச் சொல்லி அளந்தாள், கம்பளிக் காலுறை போட்டு அளந்தாள். ஸ்ரீகுமாரி மேலேயிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஆனந்தலட்சுமி இரும்பறுக்கும் வாளை எடுத்து, அவள் கண்முன்னாலேயே பின்குழாய்கள் நாலையும் ஒவ்வொன்றாக அறுத்துக் கீழே போட்டாள்.

"அடுத்த மாசம் வா."

மார்ச் மாதத்தில் கேஸ் சாட்சி விசாரணைக்கு வந்தது. அன்றுதான் தாணுமாலயன் யோசித்தது என்னவென்று தெரிந்தது. காலையில் சட்டை போடும்போது சொன்னார்.

"நீ ஒண்ணு மட்டும் சொன்னா மதி. அவ வண்டி செய்யச் சொன்னா, ஓட்டிப்பாத்தா, கைக்கு ஒரு குறையும் இல்ல. வேற ஒண்ணும் பேசாண்டாம்."

அவள் அளவு நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

கோர்ட்டில் பேச்செல்லாம் மலையாளத்தில்தான். முதலில் ஸ்ரீகுமாரி கூண்டில் நின்றாள். தாணுமாலயனின் வக்கீல் அவளிடம், கை ஊனம் என்று நஷ்டஈடு கேட்கும் நீங்கள் இமயமலைக்குச் சைக்கிள் ஓட்டப் போவது உண்மையா என்று கேட்டார். அவள் முகம் வெளிறிவிட்டது. ஆனந்தலட்சுமியைத் திரும்பிப் பார்த்தாள். ஆறு வருடத்தில் நேருக்கு நேர் பார்த்தது அதுதான் முதல் தடவை. சைக்கிள் செய்ய ஒத்துக்கொண்டதே இதற்காகத்தான் என்று அவள் நினைப்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

அடுத்து ஆனந்தலட்சுமி ஏறினாள். வக்கீல் சிரித்த முகத்தோடு கேட்டார். "வாதியின் இடது கை சாதாரணமாக வேலை செய்கிறது, இல்லையா?"

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

"வலது கை இருபத்துநாலு கிலோ இழுக்கும். இடது கை பதினொண்ணு. மூணு தடவை எடுத்த அளவு. மடங்குறது வலது எழுபது டிகிரி, இடது இருபது."

வக்கீலின் சிரிப்பு அப்படியே நின்றது. "ஆனால் அந்தக் கையை வைத்துக்கொண்டு அவர் ஓட்டினாரே?"

"சாதா வண்டி ஓட்டுனா மரத்துப்போவும். அதுனாலதான் வேற மாதிரி செய்தேன்."

அவர் உட்கார்ந்துவிட்டார். ஸ்ரீகுமாரியின் வக்கீல் எழுந்து, அந்தக் கை எப்படி அப்படியானது என்று தெரியுமா என்று கேட்டார். தாணுமாலயன் பெஞ்சிலிருந்து பாதி எழுந்தார்.

"நான் கேட்டைத் தள்ளினேன்," என்றாள் ஆனந்தலட்சுமி. "அவ கையை எடுக்கல்ல."

குமாஸ்தா அதையும் தட்டச்சு செய்தார்.

வெளியே, வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ஸ்ரீகுமாரி அவளை மறித்தாள்.

"ஒங்க உபகாரத்தில எனக்கு ஜெயிக்க வேண்டாம்."

"ஒனக்காகச் சொல்லல்ல. அது எனக்க அளவாக்கும். அவருக்கு வேண்டியதுபோல மாத்திச் சொல்ல என்னால முடியாது." சாவியைப் போட்டு ஸ்கூட்டரைத் திருப்பினாள். "பெயின்ட் காஞ்சாச்சு. வெள்ளிக்கிழமை வந்து எடுத்துட்டுப் போ."

கோடை லீவுக்குக் கோர்ட்டை அடைப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்தது. மூன்றடி வழி விட வேண்டும், கைக்கு நஷ்டஈடும் கொடுக்க வேண்டும். தாணுமாலயன் மேல்கோர்ட்டுக்குப் போனார். வீட்டில் அவர் ஆனந்தலட்சுமியிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். "சோறு வேணும்", "குடை எங்க" என்பதைக்கூடச் சுவரைப் பார்த்துச் சொன்னார். அவளும் சுவருக்கே பதில் சொன்னாள். சொந்தக்காரர்கள் ஒரு கல்யாண வீட்டில் அவளைப் பந்தியில் தனியாக விட்டார்கள். புருஷனைக் கோர்ட்டில் காட்டிக்கொடுத்தவள் என்று காதுபடவே பேசினார்கள். அவள் முழுச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தாள். ஆனால் அன்று பட்டறைக்குப் போய் வேலை எதுவும் செய்யவில்லை.

ஏப்ரலில் ஸ்ரீகுமாரி கிளம்பினாள். பள்ளி லீவோடு சம்பளமில்லா விடுப்பும் சேர்த்து எடுத்திருந்தாள். ஐந்து மாதத்தில் ஒரே ஒரு தடவை மெசேஜ் வந்தது, இமயமலையின் கின்னௌரிலிருந்து. "பின்சக்கரம் ஸ்போக்ஸ் ஒண்ணு ஒடிஞ்சு. மாத்தியாச்சு."

"எந்தப் பக்கம்?"

"செயின் பக்கம்."

அவ்வளவுதான்.

செப்டம்பரில் அவள் ரயிலில் திரும்பினாள். மலையாளப் பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது. சைக்கிள் 'உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் செய்தது' என்று போட்டிருந்தது. ஆனந்தலட்சுமி அதை இரண்டு முறை படித்தாள். பெயர் இருக்காது என்று தெரிந்துதான் படித்தாள். இருந்தாலும் குத்தியது.

மறுவாரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஸ்ரீகுமாரி பட்டறைக்கு வந்தாள். வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டியிருந்தாள். நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. ஒரு தாளைப் பார்த்து வாசித்தாள்.

"இடது கைப்பிடி ரப்பர் மழையில வழுக்குகு. கீழ மாட்டுன தண்ணிக் குப்பியில சாணியும் சேறும், ஒரு நாளும் குடிக்க முடியல்ல. முன் கேரியர் நட்டு ரெண்டு தடவை லூசாச்சு. சீட்டு கொள்ளாம், ஒரு குறையும் இல்ல, அதைத் தொடாண்டாம்."

ஆனந்தலட்சுமி ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினாள்.

"இறக்கத்தில ஆடிச்சா?"

"இல்ல."

"எவ்வளவு ஸ்பீடில?"

"அம்பத்தெட்டு. லோடோட."

அதை அவள் எழுதவில்லை. சரிசெய்ய வேண்டிய பட்டியலில் அதற்கு இடமில்லை.

"பேப்பரில பாத்தேன்," என்றாள்.

"பேரு போடாண்டாம்ணு நான்தான் சொன்னேன்."

"தெரியும்."

ஸ்ரீகுமாரி தாளை மடித்துப் பையில் வைத்தாள். "அப்பீலு ஜனுவரியில வருது."

"வரட்டு. வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கோ."

அவள் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். ஆனந்தலட்சுமி சைக்கிளை ஸ்டாண்டில் தூக்கி மாட்டினாள். அடிக்குழாயில் இருந்த குப்பித் தாங்கியின் திருகுகளைக் கழற்றி, உள்ளே இறுகிப்போயிருந்த மலைச்சேற்றை ஒரு கம்பியால் சுரண்டி எடுக்கத் தொடங்கினாள்.